நார்டிக் இசைக்கு அமெரிக்க மேடை: எந்த நிதியுதவி யாருக்குப் பொருந்தும்?

நார்வேயின் ஹார்டாங்கர் ஃபிடிலில் வில் படுவது நான்கு தந்திகளில்தான். அவற்றுக்கு அடியில் ஓடும் நாலைந்து தந்திகள் யாரும் தொடாமலே அதிர்ந்து, கச்சேரிக்குத் தம்பூரா போலக் கூடவே ஒலிக்கும். அப்படி வாசிக்கும் ஒருவரை மினசோட்டாவின் சிறிய அரங்குக்கு வரவழைக்க எங்கே பணம் கேட்பது?

நான் முதலில் போகச் சொல்வது அமெரிக்கன்-ஸ்காண்டிநேவியன் ஃபவுண்டேஷனிடம். 1910இல் தொடங்கியது, நியூயார்க் பார்க் அவென்யூவில் இருக்கும் ஸ்காண்டிநேவியா ஹவுஸ் என்ற கலாசார மையம் இவர்களுடையதுதான். கலைஞரின் புகழைவிட, அமெரிக்க மக்களுக்கு நிகழ்ச்சியால் என்ன கிடைக்கிறது என்பதே இங்கே முக்கியம். பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிலரங்கு, மாலையில் கச்சேரி என்று திட்டம் போடும் அமைப்புக்கு இது நல்ல இடம்.

கோபன்ஹேகனிலிருந்து இயங்கும் நார்டிக் கல்ச்சர் ஃபண்ட் (1966) வேறு மாதிரி. அதன் திட்ட நிதிக்குக் குறைந்தது மூன்று நார்டிக் நாடுகளோ (டென்மார்க், ஃபின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, ஸ்வீடன்) அவற்றின் தன்னாட்சிப் பகுதிகளோ சேர்ந்திருக்க வேண்டும். நார்வேக்காரர் ஒருவர் மட்டும் போதாது. ஸ்வீடனின் நிக்கல்ஹார்ப்பா, ஃபின்லாந்தின் காந்தெலே வாசிப்பவர்களும் சேர்ந்தால் பேசலாம். ஓப்ஸ்டார்ட் என்ற அவர்களுடைய தொடக்க நிதி 25,000 டேனிஷ் குரோனர் வரைதான். யோசனைக்கு உருக்கொடுக்க உதவும், சுற்றுப்பயணத்துக்குக் காணாது.

மியூசிக் ஃபின்லாந்து, ஐஸ்லாந்து மியூசிக் போன்ற, தங்கள் இசையை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோகும் ஏற்றுமதி அமைப்புகள் பார்ப்பது தங்கள் நாட்டுக் கலைஞரின் வளர்ச்சியை. ஆஸ்டின் நகரின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழா மாதிரியான மேடைக்குப் போகும் இசைக்குழுவுக்கு இது சரியான வழி. சிற்றூர்க் கச்சேரிக்கு இங்கே எடை குறைவு என்பது என் கணிப்பு. ஃபின்னிஷ் கலை என்றால் மட்டும், 1953 முதல் அமெரிக்காவில் இயங்கும் ஃபின்லாண்டியா ஃபவுண்டேஷனை விட்டுவிடாதீர்கள்.

ஹெல்சின்கியிலுள்ள நார்டிக் கல்ச்சர் பாயிண்டின் பயண நிதியையும் சிலர் நம்பியிருப்பார்கள். அது நார்டிக், பால்டிக் நாடுகளுக்குள்ளான பயணத்துக்கு மட்டுமே.

எந்த வழியில் போனாலும் பணத்தை அரிப்பது விசாதான். தனித்திறன் கொண்ட கலைஞர்களுக்கான ஓ (O) வகை விசா மனுவுக்கான கட்டணம் 2024 ஏப்ரலில் 460 டாலரிலிருந்து 1,055 டாலராக ஏறியது. லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு 530. அப்புறம் வரி: வெளிநாட்டுக் கலைஞரின் சன்மானத்தில், செலவைக் கழிக்காமலே 30 சதவீதம் பொதுவாகப் பிடித்தம் செய்யப்படும். அதைக் குறைக்க வரித்துறையோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட வழி உண்டு. ஆனால் அந்த வேலையைக் கடைசி வாரத்தில் தொடங்க முடியாது. இந்த இரண்டும் இல்லாத பட்ஜெட்டோடு விண்ணப்பித்தால், நிதி கிடைத்த பிறகும் கலைஞரின் கைக்குப் போக வேண்டிய தொகையில்தான் கை வைக்க வேண்டிவரும். அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அதனால் அரங்கு, பயிலரங்குச் செலவுகளுக்கு அமைப்பு நியூயார்க்கில் கேட்கட்டும்; விமானச் செலவுக்குக் கலைஞர் தன் நாட்டில் கேட்கட்டும். இரண்டு விண்ணப்பத்திலும் ஒரே பட்ஜெட் இருக்கட்டும். மற்ற இடத்தில் எவ்வளவு கேட்டிருக்கிறோம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.