டைர்என்வ்: மாட்யூல் பாதையை ஃபோல்டரோடு கட்டிவைக்கும் கருவி

பழைய பெர்ல் ஸ்கிரிப்டுகளையும் புதிய பைத்தான் நிரல்களையும் ஒரே கணினியில் வைத்துப் பராமரிப்பது என் வேலை. மாட்யூல்களை (நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் தனி நிரல் கோப்புகளை) எங்கே தேட வேண்டும் என்று சொல்ல பெர்லுக்கு பெர்ல்5லிப், பைத்தானுக்கு பைத்தான்பாத் என்ற சூழல் மாறிகள் (நிரல்கள் படித்துக்கொள்ளும் பெயரிட்ட அமைப்பு மதிப்புகள்) இருக்கின்றன. இவற்றை ஷெல்லின் (டெர்மினலில் நம் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலின்) தொடக்கக் கோப்பில் எழுதிவைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பைத்தான்பாத்தில் உள்ள ஃபோல்டர்கள் பைத்தான் வரிசையாகத் தேடும் சிஸ்.பாத் பட்டியலில் ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்கும் (பைத்தானோடு வரும் மாட்யூல்களுக்கும்) முன்னால் போய் உட்காரும். அங்கே ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் லாகிங் மாட்யூல் பெயரிலேயே லாகிங்.பிஒய் என்று ஒரு கோப்பு கிடந்தால், அந்த டெர்மினலில் ஓடி லாகிங்கைக் கேட்கும் எந்த பைத்தான் நிரலும் அதைத்தான் இம்போர்ட் செய்யும். வெனவ் (ஒரு திட்டத்துக்கென்று தனியாக அமைக்கும் பைத்தான் சூழல்) போட்டிருந்தாலும் தப்ப முடியாது. அது பைத்தான்பாத்தை அழிப்பதில்லை.

டைர்என்வ் இந்தச் சிக்கலை வேரிலேயே சரிசெய்கிறது. ஒவ்வொரு முறை ப்ராம்ப்ட் (ஷெல் அடுத்த கட்டளைக்காகக் காத்து நிற்கும் வரி) வரும் முன்னும், நாம் நிற்கும் ஃபோல்டரிலோ அதற்கு மேலுள்ளவற்றிலோ என்வ்ஆர்சி கோப்பு (அந்த ஃபோல்டருக்கான மாறிகளை நாம் எழுதிவைப்பது) இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதைத் தனியாக ஒரு பாஷ் ஷெல்லில் ஓட்டி, மாறிய சூழல் மாறிகளை மட்டும் நம் ஷெல்லுக்குக் கொண்டுவரும். ஃபோல்டரை விட்டு வெளியே வந்தால் பழைய மதிப்புகள் திரும்பிவிடும். கோப்பை பாஷ் படிப்பதால், ஃபிஷ் என்ற வேறு ஷெல்லைப் பயன்படுத்துகிறவருக்கும் அதே கோப்பு போதும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதிலுள்ள பாத்_ஆட், அதாவது என்வ்ஆர்சிக்குள் எழுதி ஒரு மாறியில் பாதையைச் சேர்க்கும் கட்டளை. பைத்தான்பாத்தை நீட்டிக்கும்போது கையால் எழுதுகிறவர்கள் புதிய பாதை, முக்காற்புள்ளி, பழைய மதிப்பு என்று கோப்பார்கள். பழைய மதிப்பு காலியாக இருந்தால் கடைசியில் முக்காற்புள்ளி மட்டும் தொங்கும். அந்த வெற்றிடத்தை பைத்தான் நடப்பு ஃபோல்டர் என்று எடுத்துக்கொள்ளும். யாரும் கேட்காமலே தேடல் பாதையில் ஓர் இடம் கூடிவிடுகிறது! பாத்_ஆட் மதிப்பைப் பிரித்துச் சேர்ப்பதால் இந்தத் தொங்கல் வராது. சார்புப் பாதையையும் முழுப் பாதையாக்கிவிடும்.

பெர்ல் பக்கம் இன்னும் பெரிய உதவி. 2017இல் வந்த பெர்ல் 5.26, பாதுகாப்புக்காக நடப்பு ஃபோல்டரை மாட்யூல் தேடல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. (ரூபி மொழி இதை 2010இல், 1.9.2 பதிப்பிலேயே செய்தது.) பழைய ஸ்கிரிப்டுகள் உடைந்தபோது பலர் நடப்பு ஃபோல்டரைத் திரும்பச் சேர்க்கும் பெர்ல்_யூஸ்_அன்சேஃப்_இன்க் மாறியை 1 என்று வைத்து ஒப்பேற்றினார்கள். அதைவிட, அந்த ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்குள் மட்டும் பெர்ல்5லிப்பில் லிப் ஃபோல்டரைச் சேர்ப்பது எவ்வளவோ நாகரிகம். என்வ்ஆர்சியில் ஒரே ஒரு பாத்_ஆட் வரிதான்.

புதிதாக வந்த அல்லது திருத்தப்பட்ட என்வ்ஆர்சி எதையும், 'டைர்என்வ் அலவ்' என்று நாம் அனுமதிக்கும்வரை அது ஓட்டாது. சிலருக்கு இது தொல்லையாகத் தெரியும். பிறர் எழுதிய நிரல்தொகுப்பைத் தரவிறக்கி உள்ளே நுழைந்தவுடன் அதிலுள்ள கட்டளைகள் தானாக ஓடினால் என்ன ஆகும் என்று யோசித்தால், இந்தக் கெடுபிடி அவசியம் என்பது புரியும்.

குறைகளும் உண்டு. மாறிகள் மட்டுமே வரும். ஏலியாஸ் (கட்டளைக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர்), ஷெல் ஃபங்ஷன் வராது. மேலடுக்கு ஃபோல்டரில் இன்னொரு என்வ்ஆர்சி இருந்தால் தானாகச் சேராது, சோர்ஸ்_அப் என்று கேட்க வேண்டும். நோட் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் தளம்) மட்டும் எழுதுகிறவருக்குத் தேடல் பாதைக்காக இது பெரிதாகத் தேவைப்படாது: நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டரை நோட் தானே மேலே மேலே ஏறித் தேடிக்கொள்ளும், புதிய இம்போர்ட் முறை, நோட்டின் தேடல் பாதை மாறியான நோட்_பாத்தைப் பார்ப்பதே இல்லை.

கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் சேவையில்) ஓடும் வேலைகளுக்கும், மெனுவிலிருந்து திறக்கும் எடிட்டருக்கும் ப்ராம்ப்ட் கிடையாது. அதனால் டைர்என்வும் அங்கே எட்டிப்பார்க்காது. கிரானுக்கு நான் 'டைர்என்வ் எக்ஸெக்' கட்டளையோடு ஃபோல்டர் பெயரையும் ஸ்கிரிப்டையும் கொடுத்து ஓட்டுகிறேன். கிரான் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ, அந்தப் பயனர் அந்தக் கோப்பை முன்பே அலவ் செய்திருக்க வேண்டும்.