2 வருட அக்குபங்சர்: ஊசியில் குறையில்லை, கப்பில்தான்

தோள் வலிக்கு அக்குபங்சர் போகலாமா என்று நண்பன் கேட்டான். ஒரு மாதம் முன்னால் கேட்டிருந்தால் கையோடு அழைத்துப் போயிருப்பேன். இப்போது என் முதுகில் ஒரு கொப்புளம் ஆறிக்கொண்டிருக்கிறது.

நான் போனது கழுத்துப் பிடிப்புக்கு. முதல் 6 வாரம் வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. ஊசியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கால் மில்லிமீட்டர் தடிமன்தான், ஒருமுறை போட்டதும் தூக்கி எறிந்துவிடுவார்கள், குத்தும்போது பெரிதாக வலிப்பதும் இல்லை. ஆனால் தோள்மேட்டின் நடுவில் ஜியான்ஜிங் என்று ஒரு புள்ளி இருக்கிறது, அங்கே ஊசியை மெல்லத் திருகும்போது கனமாக, மந்தமாக ஒரு இழுப்பு காதுக்குப் பின்னால் வரை ஏறும். தே-சி என்பார்கள். அது வந்தால்தான் ஊசி சரியாக இறங்கியிருக்கிறது என்பது சீன மருத்துவக் கணக்கு. முதல் தடவை பயந்துபோனேன், மூன்றாவது தடவையிலிருந்து அதற்காகவே காத்திருந்தேன். 25 நிமிடம் அசையாமல் படுத்து எழுந்தால் கழுத்து தானாகத் திரும்பும். அதற்கு முன்பெல்லாம் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. அந்தப் புள்ளிக்கு அடியில் நுரையீரலின் உச்சி இருக்கிறது, ஆழமாகப் போனால் ஆபத்து. அதனால் என் சிகிச்சையாளர் தசையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் ஊசி போடுவார். அவ்வளவு நிதானம்.

அந்த நிதானம், ஊசியோடு சேர்த்து அவர் செய்யும் கப்பிங்கில் இல்லை. கண்ணாடிக் கப்புக்குள் நெருப்பைக் காட்டிச் சட்டென்று முதுகில் கவிழ்ப்பார், உள்ளே காற்று குளிர்ந்து அழுத்தம் குறையும், தோல் மேலே எழும்பும். எண்ணெய் தடவிக் கப்பை நகர்த்தினால் அருமையாக இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஒரே இடத்தில் வைத்துவிட்டால் கருஞ்சிவப்பு வட்டம் விழும், எனக்கு மறைய 10 நாள்கூட ஆகும். "எவ்வளவு கறுப்பா வந்திருக்கு பாருங்க, உள்ளே அவ்வளவு கழிவு" என்று ஒவ்வொரு தடவையும் படம் எடுத்துக் காட்டுவார்.

எந்தக் கழிவு? நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த ரத்தம் அது. சில நாளில் உடம்பே அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, வெளியே எதுவும் போகவில்லை. பலமாக இழுத்தால், நேரம் கூடினால் நிறமும் கூடும். 2 வருடம் இதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன், ஊசியால் வலி குறைகிறதே, ஆளை ஏன் புண்படுத்த வேண்டும் என்று.

போன தடவை 20 நிமிடம் தாண்டியும் கப்பை எடுக்கவில்லை. வழக்கமாக 5 முதல் 10 நிமிடம்தான். எரிகிறது என்றேன். "இன்னும் நிறம் வரலை, கொஞ்சம் பொறுங்க" என்றார். மறுநாள் காலை கொப்புளம். போன் செய்தால் ஈரம் வெளியேறுகிறது, நல்லதுதான் என்கிறார்! கழிவு வெளியேறுகிறது என்று நம்புவதால்தானே என் வலியைவிட நிறம் அவருக்கு முக்கியமாகிவிட்டது.

ஊசிக்கும் இப்படி விளக்கங்கள் உண்டு, இந்தப் புள்ளியில் போட்டால்தான் கேட்கும் என்று. 2007-இல் வெளியான ஜெர்மன் முதுகுவலி ஆய்வில் 1162 பேர் இருந்தார்கள். 6 மாதம் கழித்து, முறையான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன், புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகப் போட்டவர்களில் 44.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம். ஆக, ஊசி போட்டுக்கொள்வதால் நிம்மதி வருகிறது, எந்தப் புள்ளி என்பது அவர்கள் சொல்லும் அளவுக்கு முக்கியமில்லை போல. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கழுத்து திரும்பியது, அது போதும்.

சரி, நண்பனுக்குப் பதில். இப்போதைக்குப் போகாதே. போயே ஆக வேண்டும் என்றால், ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்பதை முதலிலேயே சொல்லிவிடு, சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே "கப் வேண்டாம்" என்றும் சொல்லிவிடு. நான் அடுத்த மாத நேரத்தை ரத்து செய்துவிட்டேன். பை மாட்டும் இடத்தில்தான் கொப்புளம், இன்னும் உரசுகிறது.