கெர்னல் மாறியதும் டிஸ்க் மெதுவானால்: ரிவெர்ட்டா, திருத்தமா, ட்யூனிங்கா?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை மேம்படுத்திய பிறகு டிஸ்க்கின் வேகம் சரிந்தால், அதைச் சரிசெய்ய நாலு வழி உண்டு. காரணமான கமிட்டை (நிரலில் பதிவான தனி மாற்றத்தை) திரும்பப் பெறலாம், அதாவது ரிவெர்ட் செய்யலாம். கமிட்டை வைத்துக்கொண்டே அதன் மேல் ஒரு திருத்தம் எழுதலாம். கெர்னலின் நிரலைத் தொடாமல் அமைப்புகளை மாற்றிச் சமாளிக்கலாம், இதுதான் ட்யூனிங். பழைய கெர்னலிலேயே தங்கிவிடலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. சரிவு எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, இழந்த வேகத்துக்கு ஈடாக அந்தக் கமிட் எதைக் கொடுத்தது என்ற இரண்டும் தெரிந்தாக வேண்டும். வெளியீட்டுக்கு முன்பே பிடிபட்டால் ரிவெர்ட், வெளிவந்து பலர் கைக்குப் போன பிறகு என்றால் திருத்தம் என்பது என் நிலைப்பாடு. ட்யூனிங்கை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். ஆனால் அதுவே சரியான பதிலாக அமைந்த இடமும் உண்டு.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை குற்றவாளிக் கமிட்டைக் கண்டுபிடிப்பது. ஒரு கெர்னல் வெளியீட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பத்தாயிரத்துக்கும் மேல் கமிட்டுகள் சேர்கின்றன. கிட் பைசெக்ட் என்ற தேடல் கருவி சந்தேகப் பட்டியலை ஒவ்வொரு முறையும் பாதியாகக் குறைப்பதால் பதினாலு சுற்றில் வேலை முடிய வேண்டும். கெர்னல் பூட் ஆகாமல் நின்றுவிடுகிற பிழையாக இருந்தால் அப்படியே முடியும், ஏனென்றால் அங்கே விடை ஆம் அல்லது இல்லை. வேகச் சரிவில் விடை ஓர் எண்ணாக வருகிறது, அந்த எண் ஆடுகிறது. சரிவு எட்டு சதவீதம், சோதனையின் இயல்பான ஆட்டமே ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சுற்றில் நல்ல கெர்னலைக் கெட்டது என்று குறித்துவிட்டால் போதும், மீதிச் சுற்றுகள் எல்லாம் சம்பந்தமே இல்லாத ஒரு கமிட்டைக் கொண்டுவந்து நிறுத்தும். அந்தக் கமிட்டை எழுதியவர் மேல் வீண்பழி விழும்.

அதனால் ஒவ்வொரு சுற்றிலும் சோதனையைப் பல முறை ஓட்டி, சராசரியோடு பரவலையும் பாருங்கள். டிஸ்க் வேகத்தை அளக்கும் எஃப்ஐஓ கருவியில் டைரக்ட் முறையை இயக்கினால்தான், கோப்புத் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷ் குறுக்கே வராது. எஸ்எஸ்டி காலியாக இருக்கும்போது ஒரு வேகம், முழுக்க எழுதி நிலைப்பட்ட பிறகு வேறு வேகம் என்று நடந்துகொள்ளும். எல்லாச் சுற்றும் ஒரே நிலையிலிருந்து தொடங்க வேண்டும். சிபியு அதிர்வெண்ணையும் பூட்டிவிடுங்கள். கெர்னல் கான்ஃபிக் கோப்பை இரண்டு பதிப்புக்கும் ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பலர் மறக்கிறார்கள். டிஸ்க் கோரிக்கைகளைக் கையாளும் பிளாக் லேயரில் ஒரு வரிகூட மாறாமல், அவற்றின் வரிசையை முடிவு செய்யும் இயல்பு ஷெட்யூலர் மட்டும் மாறியிருக்கலாம். சரிவுக்கும் டிஸ்க்குக்கும் சம்பந்தமே இல்லாமலும் போகலாம். 2018 ஜனவரியில் மெல்ட்டவுன் என்ற சிபியு பாதுகாப்புக் குறைபாட்டுக்காகச் சேர்த்த பேஜ் டேபிள் பிரிப்பு, ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புக்கும்) கூடுதல் செலவு வைத்தது. சின்னச் சின்ன வாசிப்புகளை ஏராளமாகச் செய்யும் நிரல்களுக்கு அது டிஸ்க் மெதுவானது போலவே தெரிந்திருக்கும். அங்கே எந்தச் சேமிப்பகக் கமிட்டை ரிவெர்ட் செய்தாலும் பலன் இருந்திருக்காது.

ரிவெர்ட்

இதன் பலம், புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்பது. பழைய நடத்தை பல காலம் ஓடித் தேறியது. புதிய திருத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அப்படிச் சொல்ல முடியாது. கெர்னல் சமூகத்தின் எழுதப்பட்ட விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: திருத்தம் விரைவில் வராது என்றால் திரும்பப் பெறுங்கள், நிதானமாகச் சரிசெய்து மறுபடி கொண்டுவாருங்கள்.

பலவகை டிஸ்க்குகளோடு கெர்னல் பேசும் எஸ்சிஎஸ்ஐ அடுக்கின் கதை இதற்கு நல்ல சாட்சி. பல சிபியு கோர்கள் தங்கள் தங்கள் வரிசையில் கோரிக்கைகளைப் போட வழிசெய்யும் பிளாக்-எம்க்யூ 2014 ஜனவரியில் 3.13 பதிப்போடு வந்தது. அதை எஸ்சிஎஸ்ஐ டிஸ்க்குகளுக்கும் இயல்பாக்கும் மாற்றம் 4.13-இன் சோதனைப் பதிப்புகளில் நுழைந்தது. வேகச் சரிவுப் புகார்கள் வந்தன. 4.13 வெளிவரும் முன்பே அந்த இயல்பு திரும்பப் பெறப்பட்டது. புதிய பாதையை யாரும் தூக்கி எறியவில்லை, விரும்பியவர்கள் இயக்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஓராண்டுக்கு மேல் வேலை நடந்து, 2018 அக்டோபரில் வந்த 4.19-இல் அது மறுபடி இயல்பானது. நடுவில் சாதாரணப் பயனாளி யாரும் அந்தச் சரிவைச் சுமக்கவில்லை.

இது நடந்ததற்குக் காரணம், பழைய ஒற்றை வரிசைப் பாதை அப்போது உயிரோடு இருந்தது. 2019 மார்ச்சில் வந்த 5.0 அந்தப் பாதையையே நீக்கியது, கூடவே சிஎஃப்க்யூ ஷெட்யூலரும் போனது. அதற்குப் பிறகு யாராவது சரிவைக் கண்டிருந்தால் ரிவெர்ட் என்ற வழியே மூடியிருக்கும். கமிட் பழையதாக ஆக, அதன் மேல் வேறு கமிட்டுகள் உட்கார்ந்துவிடுகின்றன, அப்போது ரிவெர்ட்டே மோதல்களைக் கைமுறையாகத் தீர்க்கும் புதிய நிரலாகிவிடுகிறது. பழையது, தேறியது என்ற அதன் ஒரே பலம் அங்கே போய்விடும்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. தரவை டிஸ்க்கில் நிரந்தரமாக எழுதச் சொல்லும் ஃப்ளஷ் கட்டளை விடுபட்டிருந்து, அதைச் சேர்த்ததால் எழுதுவது மெதுவானது என்றால், முன்பிருந்த வேகம் கடன் வாங்கிய வேகம். அந்தக் கமிட்டை ரிவெர்ட் செய்தால் சோதனை எண் ஏறும், மின்சாரம் போகும் நாளில் கோப்பு போகும். கமிட்டின் விளக்கக் குறிப்பை முழுக்கப் படிக்காமல் ரிவெர்ட் கேட்கவே கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

முன்னோக்கித் திருத்துவது

ரிவெர்ட்டையும் திருத்தத்தையும் எதிரிகளாகவே பார்க்க வேண்டியதில்லை. 2015-இல் நடந்த ஒன்று இரண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. டிஸ்க்குக்கு ஒரே கோரிக்கையில் அனுப்பும் அளவுக்கு கெர்னல் 512 கிலோபைட் என்று ஒரு செயற்கை உச்சவரம்பு வைத்திருந்தது. வன்பொருளே அதைவிடப் பெரிதாக ஏற்கிறதே, வரம்பு எதற்கு என்று அதை நீக்கினார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஐஓஸோன் என்ற டிஸ்க் வேகச் சோதனையில் வேகம் கணிசமாகச் சரிந்தது. பெரிய கோரிக்கைகளை அதுவரை கண்டிராத சில டிஸ்க்குகளின் ஃபர்ம்வேர் பிழைகளும் வெளியே வந்தன. நீக்கம் ரிவெர்ட் ஆனது. அதோடு நிற்காமல் வரம்பை 1280 கிலோபைட்டாக உயர்த்தினார்கள். அந்த எண் குத்துமதிப்பில் வந்ததல்ல: பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு அமைப்பில், 128 கிலோபைட் துண்டுகளாகப் பத்து தரவு டிஸ்க்குகளில் ஒரு முழுப் பட்டையை எழுத அவ்வளவு போதும்.

எனக்கு இந்த எடுத்துக்காட்டு மிகவும் பிடிக்கும். ரிவெர்ட் மட்டும் செய்திருந்தால் ரெய்டு பயனாளிகளின் நியாயமான தேவை குப்பைக்குப் போயிருக்கும். திருத்தத்துக்காகக் காத்திருந்தால் மற்றவர்கள் அதுவரை மெதுவான டிஸ்க்கோடு இருந்திருப்பார்கள்.

திருத்தத்தின் பலவீனம் நேரமும் அறிவும். சரிவின் இயக்கம் புரியாமல் எழுதும் திருத்தம் பெரும்பாலும் ஒரு சோதனைக்கு மட்டும் பொருந்துகிற நிபந்தனையாக முடியும். இயக்கத்தைப் புரிந்துகொள்ள பிஎல்கேட்ரேஸ் என்ற கருவி உதவும்: ஒரு கோரிக்கை வரிசையில் நுழைந்தது, வேறொன்றோடு இணைந்தது, டிரைவருக்குப் போனது, முடிந்தது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் நேரம் காட்டும். வரிசையில் காத்திருப்பு கூடியிருந்தால் ஷெட்யூலரையோ கோரிக்கை இணைப்பையோ சந்தேகிக்கலாம். டிரைவருக்குப் போன பிறகு கூடியிருந்தால் கோரிக்கையின் அளவோ, ஒரே நேரத்தில் அனுப்பும் எண்ணிக்கையோ மாறியிருக்கலாம். காத்திருப்பு எங்கேயும் கூடாமல் சிபியு செலவு மட்டும் ஏறியிருந்தால், சிபியு நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவிதான் பேசும். அங்கே பூட்டுப் போட்டி (பல கோர்கள் ஒரே பூட்டுக்காகக் காத்திருப்பது) தென்படும் வாய்ப்பு அதிகம். சராசரியை விட்டுத் தாமதத்தின் பரவலைப் பாருங்கள், நூற்றில் ஒரு கோரிக்கை மட்டும் திணறுவது சராசரியில் ஒளிந்துகொள்ளும்.

ட்யூனிங்

உடனே செய்யலாம், ரீபூட்கூட வேண்டாம் என்பதால் நிர்வாகிகளின் கை முதலில் இங்கேதான் போகும். எம்க்யூ-டெட்லைன், பிஎஃப்க்யூ, கைபர் என்ற ஷெட்யூலர்களில் ஒன்றுக்கோ, ஷெட்யூலரே வேண்டாம் என்ற நன் தேர்வுக்கோ ஒரே வரிக் கட்டளையில் மாறலாம். 4.10-இல் வந்த ரைட்பேக் த்ராட்லிங், பின்னணி எழுத்து வாசிப்பை நெரிக்காமல் தடுக்க ஓர் இலக்குத் தாமதம் வைத்திருக்கிறது: எஸ்எஸ்டிக்கு 2 மில்லிசெகண்ட், சுழலும் டிஸ்க்குக்கு 75. எழுதும் வேகம் மட்டும் குறைந்தால் அதை அணைத்துப் பார்க்கலாம்.

நோயறிய இது அருமையான கருவி. ஒரு குமிழைத் திருப்பியதும், அதாவது ஓர் அமைப்பை மாற்றியதும், சரிவு மறைந்தால், தேட வேண்டிய இடம் சுருங்கிவிட்டது. மருந்து என்று பார்த்தால் தயக்கம் வருகிறது. குமிழைத் தெரிந்தவர் பிழைத்துக்கொள்கிறார், தெரியாதவர்கள் மெதுவான இயல்பிலேயே இருக்கிறார்கள். தப்பித்தவர் புகார் கொடுப்பதும் இல்லை. அந்த அமைப்பு கோப்பில் பல ஆண்டுகள் கிடந்து, கெர்னல் சரியான பிறகு அதுவே புதிய சரிவுக்குக் காரணமாகும்.

குமிழே சரியான தீர்வான இடம், டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் டிஎம்-கிரிப்ட். குறியாக்க வேலையை அது ஒர்க்க்யூ எனப்படும் பின்னணி வேலை வரிசைகளுக்குத் தள்ளி, எழுத்துகளைத் தனி த்ரெட்டில் வரிசைப்படுத்தும். சுழலும் டிஸ்க்குகளுக்கு அது பொருத்தம். வேகமான எஸ்எஸ்டியில் ஒவ்வொரு தாவலும் தாமதமாகச் சேர்ந்தது. கிளவுட்ஃபிளேர் பொறியாளர்கள் இதை அலசி வெளியிட்டனர். 2020-இல் 5.9 பதிப்பில் வாசிப்புக்கும் எழுத்துக்கும் ஒர்க்க்யூவைத் தவிர்க்கும் இரண்டு தேர்வுகள் சேர்ந்தன. இங்கே இயல்பை மாற்றினால் வேறு யாருக்காவது சரிவு வரும். எது வேகம் என்பது வன்பொருளையும் வேலையையும் பொறுத்தது என்பதால், தேர்வைப் பயனாளியிடம் விட்டது நேர்மையான முடிவு.

பழைய கெர்னலில் தங்குவது

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீண்டகால ஆதரவுப் பதிப்பில் தங்கினால் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடரும், தயாரிப்புச் சூழலுக்கு இது சில மாதங்களுக்கு நல்ல அடைக்கலம். ஆனால் வேகச் சரிவு தானாகச் சரியாகாது. பொதுவான விதிப்படி, முதன்மைக் கெர்னலில் சேர்ந்த திருத்தம்தான் நிலைப் பதிப்புகளுக்கு வரும். நீங்கள் புகார் கொடுக்காமல் தங்கியிருந்தால், அடுத்த நீண்டகாலப் பதிப்பும் அதே சரிவோடுதான் வந்து சேரும்.

சரிசெய்த பிறகு

ரிவெர்ட் தவிர எந்த நிரல் மாற்றமும் வேகத்துக்காக எழுதியதாகவே இருக்கும். பிளாக் லேயரில் வேகத்துக்காக எழுதியது என்ன செய்யும் என்பதற்கு 4.19-ஐப் பார்க்க வேண்டும். ஷெட்யூலர் நன் என்று இருந்து, வன்பொருள் வரிசையும் ஓய்வாக இருந்தால் கோரிக்கையை நேரடியாக டிரைவருக்கு அனுப்பலாம் என்று ஒரு மேம்பாடு அதில் சேர்ந்தது. டிரைவர் இப்போது முடியாது என்று திருப்பினால், கோரிக்கை மற்ற கோரிக்கைகளோடு இணையக்கூடிய இடத்துக்கே திரும்பிப் போனது. எஸ்சிஎஸ்ஐ அடுக்கு பழைய அளவுக்கு ஏற்ப நினைவகப் பட்டியலை ஏற்கெனவே தயாரித்து வைத்திருந்தது. இடையில் வேறொரு கோரிக்கை இணைந்து அளவு மாறினால், தரவு சிதைந்தது. ஆரம்பத்தில் சந்தேகம் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை மேல் விழுந்தது. உண்மைக் காரணம் தெரிந்து, 2018 டிசம்பரில் 4.19.8 திருத்தத்தோடு வந்தது: திரும்பிய கோரிக்கையை யாரோடும் இணைய முடியாத டிஸ்பேட்ச் பட்டியலில் வைத்தார்கள்.

அதனால் சரிவு நீங்கியது என்று காட்டும் எண் மட்டும் ஒரு பேட்ச்சுக்குப் போதாது. பிளாக் லேயருக்கான பிஎல்கேடெஸ்ட்ஸ், கோப்பு முறைமைகளுக்கான எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற சோதனைத் தொகுப்புகள் இரண்டையும் முழுக்க ஓட்டுங்கள். எஃப்ஐஓவில் சரிபார்ப்பை இயக்கி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடச் செய்யுங்கள். டிரைவர் வேண்டுமென்றே கோரிக்கையைத் திருப்பும் நிலையையும் உருவாக்குங்கள், ஏனென்றால் வரிசை நிரம்பாத சோதனையில் 4.19-இன் பிழை வெளியே வந்திருக்காது. கடைசியாக, குற்றவாளிக் கமிட்டின் அடையாளத்தைத் திருத்தக் குறிப்பில் எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் நிலைப் பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் எந்தெந்தக் கெர்னலுக்கு அந்தத் திருத்தம் போக வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள்.