எந்த பாருக்குப் போவது: கூட்டத்தைக் கூட்டிப்போய் திட்டு வாங்கியவனின் விமர்சனம்

எங்கள் செட்டில் இடம் பிடிக்கிற வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். இடம் அமைந்துவிட்டால் ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான், சொதப்பினால் மட்டும் ஆறு மாதம் சொல்லிக் காட்டுவார்கள். அப்படி வாங்கிய திட்டில் கற்றதுதான் இது.

ரூஃப்டாப் பார் போட்டோவில் அள்ளும். ஆனால் நகர வெளிச்சத்தை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்? பத்து நிமிடம். அப்புறம் காற்று, தூறல் விழுந்தால் ஓட்டம், உட்காரவே முடியாத உயரமான ஸ்டூல். பொழுது சாயும் நேரத்தில் ஒரே ஒரு டிரிங்க், அதோடு இறங்கிவிடுங்கள்.

என் ஓட்டு பப்புக்குத்தான். சாய்ந்து உட்கார நாற்காலி இருக்கும், கத்தாமல் பேசலாம், யாரும் கிளப்பிவிட மாட்டார்கள். ஆனால் எல்லா பப்பும் ஒன்றில்லை. நான் முதலில் பார்ப்பது கிளாஸை. டிராஃப்ட் பியர், அதாவது பீப்பாயிலிருந்து குழாயில் பிடித்துத் தரும் பியர், வந்ததும் கிளாஸின் உள்பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் பிசுக்கோ சோப்போ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சுத்தமான கிளாஸில் குமிழி ஒட்டாது, நுரையும் சட்டென்று அடங்காது, நீங்கள் ஒவ்வொரு வாய் குடிக்கும்போதும் சுவரில் நுரை ஒரு வளையம் விட்டுவிட்டு இறங்கும். கிளாஸையே கழுவாதவன் பீப்பாயிலிருந்து குழாய் வரை வரும் டியூபைக் கழுவுவானா? அதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் படிந்து பியரில் புளிப்போ வெண்ணெய் வாடையோ ஏறிவிடும். அதனால் இருபது குழாய் வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிற இடத்தைவிட, ஐந்தே குழாயோடு கூட்டம் நெரிகிற இடம் மேல், அங்கே பீப்பாய் தங்காது. கேஸ்க் ஏல், அதாவது பீப்பாயிலேயே நொதித்து முதிரும் பியர், வைத்திருக்கும் இடமென்றால் இது இன்னும் முக்கியம், பீப்பாயைத் திறந்தால் மூன்று நாளுக்குள் தீர்ந்துவிட வேண்டிய சரக்கு அது.

காக்டெயில் பாரில் நாற்பது அயிட்டம் போட்ட மெனுவைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். டைக்கிரி கேளுங்கள். ரம், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான், தப்பு செய்தால் மறைக்க இடமே கிடையாது. அது நன்றாக இருந்தால் மற்றதையும் நம்பலாம். எங்களில் ஒருத்தன் குடிக்க மாட்டான், அவனுக்குப் பாக்கெட் ஜூஸை ஊற்றி நீட்டுகிற இடத்துக்கு நான் மறுபடி போனதில்லை.

மெனுவில் எத்தனை சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருந்தால் என் கணக்கில் அந்த பாருக்குக் கூடுதல் மார்க். ‘பியர்தானே’ என்று சொல்லிச் சொல்லியே கவிழ்ந்தவர்கள் எங்கள் செட்டில் உண்டு. 568 மில்லி பைண்ட், 5 சதவீதம் என்றால் உள்ளே 28 மில்லி சுத்த ஆல்கஹால். 40 சதவீத விஸ்கி 30 மில்லியில் இருப்பது 12 மில்லிதான். அதாவது ஒரு பைண்ட் இரண்டு சின்ன பெக்குக்கும் மேலே. அதே கிளாஸில் கசப்பு தூக்கலான ஐ.பி.ஏ. வகை பியரை 8 சதவீதத்தில் ஊற்றினால் கிட்டத்தட்ட நாலு பெக்! காபி குடித்தால் இறங்கிவிடும் என்பதெல்லாம் சும்மா, கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும்.

கிளப் ஆடுவதற்கு மட்டும். பேச்சு என்று ஒன்றும் அங்கே நடக்காது. 100 டெசிபல் சத்தத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே காதுக்கு ஆபத்து, ஸ்பீக்கர் பக்கத்தில் அதெல்லாம் சர்வசாதாரணம். கடைசியாகப் போங்கள், ஓரமாக நில்லுங்கள்.

ஒரு முறை எட்டுப் பேருக்கு டேபிள் புக் செய்து போனோம், பெயர் வேண்டாம், அலங்காரம் எல்லாம் பிரமாதம். கதை அப்போதுதான் சூடு பிடிக்கிறது, ‘சார், உங்களுக்கு இரண்டு மணி நேரம்தான்’ என்று வந்து நிற்கிறார் ஒருவர். புக் செய்தபோது ஒரு வார்த்தை சொல்லவில்லை. பில்லைப் பார்த்தால் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது, அதற்கு மேல் டிப்ஸ் தட்டு வேறு. வெளியே வந்து அடுத்த இடம் தேடி அலைந்ததில் மூன்று பேர் வழியிலேயே கழன்றுகொண்டார்கள். அன்றிலிருந்து ஒரு இரவுக்கு இரண்டு இடம், நடக்கிற தூரத்தில், அவ்வளவுதான். போன் செய்யும்போதே டேபிள் எவ்வளவு நேரத்துக்கு, நுழைவுக் கட்டணம் உண்டா, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுகிறேன். மூடும் நேரமும் கடைசி ஆர்டர் நேரமும் ஒன்றில்லை, அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்தச் சனிக்கிழமையும் இடம் பார்ப்பது நான்தான். ஒருத்தன் ரூஃப்டாப்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். சரி, ஒரு டிரிங்க்.