பகாவில் ‘ஈ71’ வாங்கப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் பகாவ் பட்டணத்தில் ஒரு கைப்பேசிக் கடைக்காரர் என்னிடம் 280 வெள்ளியை (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, நோக்கியா ஈ71 என்று சொல்லி ஒரு போலியைத் தலையில் கட்டிவிட்டார். பணம் போனதைவிட, ஏமாற்றிய விதத்தை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது. அவர் சொன்னதில் பாதி உண்மை.

அப்பா ரப்பர் தோட்டத்தில் செக்ரோல் கிராணியாக, அதாவது தொழிலாளர்களின் வருகைக் கணக்கு எழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். 2009-இல் கூட்டு (சீட்டு) கட்டி எடுத்த பணத்தில் அவர் வாங்கியது அந்தக் கைப்பேசியைத்தான். அம்மாவுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. 2008-இல் வெளியான ஈ71 அலுவலகக்காரர்களை மனத்தில் வைத்தே செய்யப்பட்டது. திரைக்குக் கீழே முழு விசைப்பலகை இருக்கும். நாட்காட்டி, தொடர்புகள், மின்னஞ்சல் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொத்தான்கள் உண்டு. எஃகு உடம்பு, 10 மில்லிமீட்டர் தடிமன், 127 கிராம் எடை. முகப்புத் திரையிலும் இரண்டு வகை: ஒன்று வேலைக்கு, மற்றொன்று வீட்டுக்கு. ஆட்களைக் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு முடிந்ததும் அப்பா வேலைத் திரைக்கு மாறுவார். ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மேட்டில் ஏறி நின்றால்தான் தொடர்பு கிடைக்கும். அங்கே நின்றபடி அன்றைய கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். சாயங்காலம் வீட்டுத் திரைக்கு மாற்றிவிட்டால், தோட்ட நிர்வாகியான பெரிய துரையே எழுதினாலும் மறுநாள்தான் பதில். இரவில் கரண்ட் போனால் விசைப்பலகையின் இடைவெளிப் பொத்தானை அழுத்திப் பிடிப்பார், கேமராவின் பிளாஷ் கைவிளக்காக எரியும்.

அந்தக் கைப்பேசி ஒரு மழைநாளில் வாய்க்காலில் விழுந்து செத்தது. அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு அதேபோல ஒன்று வாங்கித் தர நினைத்தேன்.

கடையில் விசாரித்தேன்.

“தங்கச்சி, இது வெளியிலிருந்து தருவித்த ஏபி செட்கூட இல்லை, அசல் உள்ளூர் செட்.”

“3ஜி அடையாளம் வரவில்லையே, அண்ணே?”

“2021 டிசம்பரோடு நாடு முழுவதும் 3ஜியை நிறுத்திவிட்டார்களே!”

உண்மைதான். இப்போது அசல் ஈ71-இல் சிம் போட்டாலும் 2ஜி மட்டும்தான் கிடைக்கும். வாட்ஸ்அப் பற்றிக் கேட்டேன். இந்த வகைக் கைப்பேசிகளுக்கு அது 2017-லேயே நின்றுவிட்டது என்றார். அதுவும் உண்மை. வைஃபை, ஜிபிஎஸ் இரண்டையும் கேட்டபோது, “பழைய கைப்பேசி, புதிய மோடத்தோடு எப்படி ஒட்டும்? 3ஜி இல்லாமல் ஜிபிஎஸ் எப்படி வரும்?” என்று அதே குரலில், அதே சிரிப்போடு சொன்னார். முதல் இரண்டு பதில்களையும் நம்பியவள் இந்த இரண்டையும் நம்பிவிட்டேன். காலாவதியான வசதிக்கும், முதலிலிருந்தே இல்லாத வசதிக்கும் திரையில் ஒரே அடையாளம்தானே? வெறுமை.

வீட்டில் அப்பா கையில் வாங்கியதுமே, “கனமே இல்லையே அம்மா” என்றார். முதுகுத் தகட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். எஃகின் குளிர்ச்சி இல்லை, வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக். இடைவெளிப் பொத்தானை நெடுநேரம் அழுத்தினார். விளக்கு எரியவில்லை. பிறகு பேட்டரியைக் கழற்றினார். அடியில் ஐஎம்ஈஐ எண் (ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய அடையாள எண்) அச்சிட்ட ஒட்டுத்தாள் இருந்தது. ஒரு மூலை மட்டும் சற்றே குழிந்திருந்தது. நகத்தால் மெல்ல உரித்தார். உள்ளே இரண்டாவது சிம்முக்கான இடம்! ஈ71-க்கு ஒரே ஒரு சிம்தான். அந்தக் காலத்தில் சந்தையை நிறைத்த சீனப் போலிகளில்தான் இரட்டை சிம் இருக்கும். அப்பா ஒன்றும் பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

மறுநாள் கடைக்குப் போனேன். ஒட்டுத்தாளை உரித்ததால் உத்தரவாதம் போய்விட்டதாம். அதுவரை ‘தங்கச்சி’யாக இருந்தவள் அன்று ‘மேடம்’ ஆகிவிட்டேன். ரசீதை எடுத்து நீட்டினேன். அதில் ‘பழைய கைப்பேசி 1’ என்று மட்டும் எழுதியிருந்தது. பணம் கொடுக்கும்போது அதைப் படிக்காதது என் தப்பு. நீங்கள் எங்கே வாங்கினாலும் மாடல் பெயரையும் ஐஎம்ஈஐ எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

கடையிலேயே சோதிக்க வழி இருக்கிறது. *#06# என்று அழுத்தினால் திரையில் வரும் எண்ணும், பேட்டரிக்கு அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை மட்டும் நம்ப வேண்டாம், ஒட்டுத்தாளை யாரும் அச்சடிக்கலாம். *#0000# அழுத்தினால் மென்பொருள் விவரத்தோடு ஆர்எம் என்று தொடங்கும் வகை எண் வர வேண்டும். பரவலாக விற்ற ஈ71-இன் எண் ஆர்எம்-346. என்னிடம் உள்ளதில் ஒன்றுமே வரவில்லை. வைஃபை விஷயத்தில், இன்றைய இணையத்தளங்கள் பலவும் அசல் ஈ71-இன் உலாவியில் திறக்காது என்பது சரி, இப்போதைய பாதுகாப்பு முறைகள் அதற்குப் புரியாது. ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை பெயர்களையாவது அது தேடிக் காட்டியாக வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது, 3ஜி நின்றதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திறந்த வெளியில் சில நிமிடம் பொறுத்தால் இருக்கும் இடத்தைக் காட்டிவிடும்.

பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, முதலாம் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ரசீது கைவிட்டாலும், வாங்குவதற்கு முன் கடைக்காரர் அனுப்பிய ‘ஈ71 ஒரிஜினல், 280’ என்ற வாட்ஸ்அப் செய்தி என்னிடம் இருக்கிறது. உரித்த ஒட்டுத்தாளை அப்பா ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறார். கிராணி புத்தி. விசாரணை நாளுக்காகக் காத்திருக்கிறோம்.

போன ஞாயிறு அந்தக் கடையைத் தாண்டி நடந்தேன். கண்ணாடிப் பெட்டியில் இன்னும் இரண்டு இருக்கின்றன. ஒன்று வெள்ளை, மற்றொன்று சாம்பல் நிறம்.