பழைய பொம்மையை வெள்ளையாக்கித் தருகிறோம் என்பவரிடம் கொடுக்கும் முன்

ராமநாதபுரத்தில் பழைய வானொலி, கடிகாரம், விளையாட்டுச் சாமான்களைப் புதுப்பித்துத் தரும் ஒருவரிடம் 2,800 ரூபாயையும் ஒரு ஜெட்ஃபயரையும் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பணம் போனால் போகட்டும். பொம்மைக்குத்தான் மனம் ஆறவில்லை.

ஜெட்ஃபயர் என்பது ஹாஸ்ப்ரோ 1985-இல் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மை. போர் விமானம் மடங்கி ரோபோவாக நிற்கும். வெள்ளை உடல், மேலே மாட்டக்கூடிய சிவப்புக் கவசங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த வாப்பா மறு வருடம் கீழக்கரைக்கு வந்தபோது எனக்காகக் கொண்டுவந்தது. மஞ்சளாகிவிடுவதில் இதற்குச் சேகரிப்பாளர்களிடையே பெரிய பெயர் உண்டு. எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நின்றபடியே அதுவும் பழைய பத்திரத்தாளின் நிறத்துக்கு வந்துவிட்டது.

கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உப்புக் காற்றின் வேலை, காக்கா. பாம்பன் பாலத்தையே அரிக்கிற காற்று பொம்மையை விட்டுவைக்குமா?” என்றார்.

நானும் தலையாட்டினேன். ஜன்னல் கம்பியை இரண்டு முறை மாற்றிய வீட்டுக்காரன் வேறென்ன செய்வான்? இந்தக் கரையில் யாரிடம் சொன்னாலும் எடுபடும் பேச்சு அது. உப்பு இரும்பைத்தான் தின்னும். இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தவை. அதில் கலந்திருக்கும் பியூட்டடையீன் ரப்பர், வெயிலின் புற ஊதா ஒளியிலும் வெப்பத்திலும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறுகிறது. மேலே படிந்த அழுக்காக இருந்தால் சோப்புத் தண்ணீரே போதும். அவருடைய உப்புக் கதையை நம்பியதால், என்ன திரவத்தில் போடப்போகிறார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கழுவத்தானே போகிறார் என்று இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. உச்சி வெயிலில் வைத்து எடுத்த படம். சொட்டு நீலம் போட்ட வேட்டி போல வெள்ளை. போய் வாங்கி வந்தேன், ரசீது கூடக் கேட்கவில்லை. அட்டைப் பெட்டியைத் திறந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. அப்போதாவது விழித்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து நோன்புப் பெருநாள். லாத்தாவின் மகன் ஆசையாக எடுத்து இறக்கையை விரித்தான். கீல் ஒடிந்து கையோடு வந்தது. பையன் அழுதுவிட்டான், அவன் விரலெல்லாம் வெள்ளை. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் ஸ்ப்ரே பெயிண்ட் உரிகிறது, அடியில் அதே மஞ்சள், அதுவும் சுண்ணாம்பு பூத்த மாதிரி மங்கிப்போய். மூட்டுகளில் பெயிண்ட் இறுகியதால் இனி அது ரோபோவாக மாறாது. ஸ்டிக்கர்கள் ஒன்றுகூட இல்லை. திருகாணியைக் கழற்றாமலேயே ஊறப்போட்டிருக்கிறார், துளைகளிலிருந்து துரு வழிந்திருக்கிறது. சிவப்புக் கவசங்கள் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தன.

திரும்பப் போய்க் கேட்டேன். துணிக்குப் போடும் குளோரின் பிளீச்சில் ஒரு நாள் முழுக்கப் போட்டதாகவும், மஞ்சள் போகாததால் பெயிண்ட் அடித்ததாகவும் கூச்சமில்லாமல் சொன்னார். “வெள்ளையாக்கித் தரச் சொன்னீர்கள், ஆக்கித் தந்தேன்.” பதில் சொல்லத் தெரியாமல் படியிறங்கினேன்.

குளோரின் பிளீச் இந்த மஞ்சளுக்கு மருந்தே இல்லை. பழைய கணினி ஆர்வலர்கள் 2008 வாக்கில் கண்டுபிடித்து ரெட்ரோபிரைட் என்று பெயர் வைத்த முறையில் வேலை செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும். வயிற்றெரிச்சலில் நானே அதைச் செய்து பார்த்தேன். பரணில் கிடந்த வேறொரு உடைந்த பொம்மையின் கால் ஒன்றைக் கழற்றி, மருந்துக்கடையில் வாங்கிய 6 சதவீதப் பெராக்சைடில் முழுவதும் மூழ்கவைத்து, கண்ணாடிப் பாத்திரத்தில் மொட்டை மாடியில் வைத்தேன். கையுறை போட்டுக்கொண்டேன், ஆக்சிஜன் வெளியேறும் என்பதால் மூடியை இறுக்கவில்லை. நம் ஊர் மே மாத வெயிலில் தண்ணீர் கொதிப்பேறி பிளாஸ்டிக் கோணிவிடும் என்ற பயத்தில் நண்பகலில் நிழலுக்கு மாற்றினேன். இரண்டாம் நாள் மாலை கால் வெளுத்திருந்தது. இதுவும் நிரந்தரமில்லை, சில வருடங்களில் மீண்டும் மஞ்சளாகலாம். இதைச் சொல்லாமல் ‘வாழ்நாள் உத்தரவாதம்’ தருகிறவரிடம் பொம்மையை நீட்டாதீர்கள்.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எந்தத் திரவம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். திருகாணி, உலோகத் துண்டு, வண்ணப் பாகம் எல்லாவற்றையும் தனியே பிரிப்பாரா என்று கேளுங்கள். கண்ணில் படாத ஒரு சின்னப் பாகத்தை மட்டும் முதலில் செய்யச் சொல்லி, இரண்டு வாரம் கையில் வைத்துப் பாருங்கள். பெராக்சைடு கலந்த கிரீமைத் தடவி வெயிலில் வைப்பேன் என்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும், காய்ந்த இடமும் காயாத இடமும் திட்டுத் திட்டாக நின்றுவிடும். ரசீது வாங்குங்கள். நான் வாங்காததால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேச உட்கார்ந்தபோது என் கையில் காட்ட இருந்தது பணம் அனுப்பிய பதிவு மட்டும்தான்.

அவருடைய விளம்பரத்தில் என் ஜெட்ஃபயர் இன்னும் உச்சி வெயிலில் பளபளக்கிறது. பத்தாம் நாள் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.