பள்ளியை நாம் தேர்வு செய்கிறோமா, பள்ளி நம் பிள்ளையைத் தேர்வு செய்கிறதா?

சேர்க்கைப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம். பேனாவும் கையுமாக ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறார். மனத்துக்குப் பிடித்த பள்ளி எது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அதை முதல் கட்டத்தில் எழுதக் கை வரவில்லை. அங்கே கூட்டம் அதிகம். அது கிடைக்காமல் போனால், இரண்டாவதாக எழுதும் பள்ளி அதற்குள் முதல் விருப்பமாக எழுதியவர்களால் நிரம்பியிருக்கும். கடைசியில், அவ்வளவாகப் பிடிக்காத, ஆனால் நிச்சயம் கிடைத்துவிடும் பள்ளியை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2005 வரை அரசுப் பள்ளிச் சேர்க்கை இப்படித்தான் நடந்தது. விவரம் தெரிந்த பெற்றோர் கூட்டம் போட்டு, எதை எத்தனையாவது இடத்தில் எழுதலாம் என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போக நேரமில்லாதவரின் பிள்ளை யாருக்கும் வேண்டாத பள்ளிக்குப் போனது. காகிதத்தில் பார்த்தால் இருவருக்கும் ஒரே உரிமைதான்.

பிள்ளைக்கான பள்ளியைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கும் உரிமை, அதாவது பள்ளித் தேர்வு உரிமை பற்றிய பேச்சு பெரும்பாலும் 'அரசா, தனியாரா' என்ற சண்டையாகவே முடிகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி ஒன்று உண்டு. நூறு இடத்துக்கு முந்நூறு பேர் வந்து நின்றால், யாருக்கு இடம் என்று முடிவு செய்வது யார்? பல நாடுகளின் முறைகளையும் இந்தக் கேள்வியோடுதான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் வவுச்சர். பள்ளிக்கான செலவை அரசு ஏற்கட்டும், பள்ளி நடத்துவதையும் அரசே செய்ய வேண்டியதில்லை என்று 1955-ல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் எழுதினார். பணம் பிள்ளையோடு போகும்; நல்ல பள்ளி வளரும், மோசமான பள்ளி திருந்தும் அல்லது மூடப்படும். இதை நாடு முழுவதும் செய்து பார்த்தது சிலி, 1981-ல், பினோசெட்டின் ராணுவ ஆட்சியில். தனியார் பள்ளிகளுக்கும் ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று அரசுப் பணம் போனது. நுழைவுத் தேர்வு வைக்கவும் பெற்றோரை நேர்காணல் செய்யவும் பள்ளிகளுக்குத் தடை இருக்கவில்லை. 1993-ல் அரசுப் பணத்துக்கு மேல் கட்டணம் வாங்கிக்கொள்ளும் வழியும் விரிவாகத் திறந்துவிடப்பட்டது. வசதியுள்ள குடும்பங்கள் ஒரு பக்கம் சேர்ந்தன, இல்லாதவர்கள் நகராட்சிப் பள்ளிகளிலேயே மிஞ்சினார்கள். பள்ளிகள் போட்டி போட்டது உண்மைதான். ஆனால் நன்றாகக் கற்பிப்பதைவிட நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பொறுக்கி எடுப்பது சுலபம். எந்த நிர்வாகமும் சுலபமான வழியில்தான் முதலில் போகும். 2006-லும் 2011-லும் மாணவர்களே தெருவுக்கு வந்தார்கள். 2015-ல் வந்த சட்டம் மாணவரைப் பொறுக்குவதையும், அரசுப் பணம் பெறும் பள்ளிகள் கூடுதல் கட்டணம் வாங்குவதையும், லாபம் எடுப்பதையும் நிறுத்தும் பாதையில் நாட்டைத் திருப்பியது. அதற்குள் ஒரு தலைமுறையே படித்து முடித்துப் போய்விட்டது.

இதற்குப் பக்கத்தில் நெதர்லாந்தை வையுங்கள். மதச்சார்பான பள்ளிகளுக்கும் மற்ற தனியார் பள்ளிகளுக்கும் பொதுப் பள்ளிக்கு நிகரான அரசு நிதி தர வேண்டும் என்று 1917-லேயே அரசியல் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அப்படிப்பட்ட பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். சிலியைவிடப் பழைய, பெரிய தேர்வுச் சுதந்திரம் இது. வேறுபாடு பணத்தின் கணக்கில் இருக்கிறது. 1980-களில் அவர்கள் கொண்டுவந்த முறையில், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளை நிதிக் கணக்கில் ஒன்றேகால் ஆளாக எண்ணப்பட்டது. புலம்பெயர்ந்து வந்த, படிப்புக் குறைந்த குடும்பத்தின் பிள்ளை 1.9 ஆளாக எண்ணப்பட்டது. அப்படிப்பட்ட பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு அதிக ஆசிரியர்கள் கிடைத்தார்கள். ஏழைப் பிள்ளையைச் சுமையாகப் பார்க்கும் பள்ளிக்கு, அந்தப் பிள்ளையோடு கூடுதல் ஆசிரியரும் வருவார் என்று சொல்லும் ஏற்பாடு இது. அங்கும் பிள்ளைகள் இனவாரியாகப் பிரிந்தே படிப்பது இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரிந்து படித்தாலும் ஏழைப் பள்ளி கைவிடப்பட்ட பள்ளியாக இல்லை. சிலியே 2008-ல் ஏழை மாணவருக்குக் கூடுதல் மானியம் தரும் சட்டம் கொண்டுவந்தது, இருபத்தேழு ஆண்டு தாமதமாக.

சுவீடன் கதை சுருக்கமானது. 1992-ல் வவுச்சர் வந்தது. லாப நோக்குள்ள நிறுவனங்களும் பள்ளி நடத்தலாம். கூடுதல் கட்டணம் கிடையாது, அது நல்லது. ஆனால் காத்திருப்போர் வரிசையில் முன்பதிவு செய்தவருக்கு முன்னுரிமை என்ற விதியால், குழந்தை பிறந்த கையோடு பெயர் பதிந்தவர் ஜெயிக்கிறார். நேற்று அந்த ஊருக்குக் குடிவந்தவருக்கு என்ன வழி? 2013-ல் பள்ளி நடத்திய ஒரு பெரிய நிறுவனம் திவாலானபோது, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகள் வேறு ரகம். 1991-ல் மின்னசோட்டா மாநிலம் முதல் சட்டம் இயற்றியது. அரசுப் பணம், கட்டணமில்லை, தன்னாட்சி உண்டு, கூட்டம் அதிகமானால் குலுக்கல். இந்தக் குலுக்கல்தான் எனக்குப் பிடித்த பகுதி. நேர்மையானது என்பதோடு, ஆய்வுக்கும் அது பெரிய வரம். ஜெயித்த பிள்ளையையும் தோற்ற பிள்ளையையும் ஒப்பிட்டால் பள்ளியின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகளில் குலுக்கலில் இடம் கிடைத்தவர்கள் கணக்கில் வெகுவாக முன்னேறினார்கள். அதே குலுக்கல் முறையில் லூசியானா மாநிலத்தின் தனியார் பள்ளி வவுச்சரை ஆராய்ந்தபோது, இடம் கிடைத்தவர்களின் கணக்கு மதிப்பெண் நன்றாகவே சரிந்திருந்தது. ஆகவே 'தேர்வு உரிமை பலன் தருமா' என்று மொட்டையாகக் கேட்பதில் பயனில்லை. எந்தப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆந்திரப் பிரதேசத்தில் 2008 முதல் நான்கு ஆண்டுகள், 180 கிராமங்களில் நடந்த வவுச்சர் ஆய்வும் யோசிக்க வைக்கிறது. குலுக்கலில் தேர்வாகித் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலாக வரவில்லை. இந்தியில் மட்டும் நன்றாக முன்னேறினார்கள். தனியார் பள்ளியின் செலவோ அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு தரப்பு மதிப்பெண்ணைக் காட்டும், மறுதரப்பு செலவைக் காட்டும். ஆசிரியருக்கு மிகக் குறைந்த சம்பளம் கொடுத்துத்தான் அந்தச் செலவு குறைகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

எதிர்ப்புறத்தில் பின்லாந்து நிற்கிறது. 1968-ல் சட்டம் இயற்றி, 1972-ல் வடக்கில் தொடங்கி 1977-க்குள் தலைநகர் வரை, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்பது ஆண்டு பொதுப் பள்ளி என்று ஆக்கினார்கள். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முதுகலைப் பட்டம் கட்டாயம். அருகமைப் பள்ளி நல்ல பள்ளியாக இருந்தால் பெற்றோர் படிவத்தோடு அலைய வேண்டியதில்லை. என் மனம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. அதற்காக இதை மந்திரக்கோலாகக் காட்டவும் மாட்டேன். பல நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில் 2006-ல் 548 ஆக இருந்த அவர்களது கணிதச் சராசரி 2022-ல் 484 ஆக இறங்கிவிட்டது. இந்த வழிக்குப் பத்து, இருபது ஆண்டுப் பொறுமையும் வேண்டும். இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேரும் பிள்ளையின் பெற்றோரிடம் 'இருபது ஆண்டு பொறுங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் அருகமைப் பள்ளியைச் சீர்செய்யும் வேலை நடக்கும்போதே தேர்வு உரிமையும் இருக்கட்டும் என்பேன். ஆனால் கூடுதல் கட்டணம் கூடாது, நேர்காணல் கூடாது, கூட்டம் சேர்ந்தால் குலுக்கல் நடக்க வேண்டும், ஏழைப் பிள்ளைக்கு அதிக நிதி போக வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் சிலியின் பாதைதான்.

அந்தப் படிவத்துக்கு வருவோம். 2005-ல் பாஸ்டன் முறையை மாற்றியது. 1962-ல் டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் கணிதத்தில் நிறுவிய ஒரு வழிமுறை அதற்கு அடிப்படை. ஆல்வின் ராத் உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதைச் சேர்க்கைக்கு ஏற்ப வடிவமைத்தார்கள். ஒரு பள்ளியை மூன்றாவதாக எழுதியதற்காக அங்கே எவரும் பின்னுக்குத் தள்ளப்படுவதில்லை. எல்லாப் பட்டியல்களையும் பார்த்து முடிக்கும் வரை எந்த இடமும் இறுதியாவதில்லை. நியூயார்க் நகரின் உயர்நிலைப் பள்ளிகளில் இதே போன்ற மாற்றம் 2003-ல் வந்தபோது, தாங்கள் எழுதாத பள்ளிக்கு அனுப்பப்பட்ட மாணவர்கள் சுமார் 30,000-லிருந்து 3,000 ஆகக் குறைந்தார்கள். புதிதாக ஒரு பள்ளியும் கட்டாமல், விதியை மட்டும் மாற்றிக் கிடைத்த பலன் இது. இப்போது அந்தத் தாய் தனக்கு உண்மையிலேயே பிடித்த பள்ளியை முதல் கட்டத்தில் எழுதலாம்.